குளிர்ப்பெட்டி கற்பித்த பாடம்

தமிழாசிரியன் ஒருவன் குளிர்பானப் பெட்டியைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். இலக்கணம் பிழைத்தாற் சிவப்பு மையோடு போய்விடும். ஆனால், யான் ஒரு பெட்டியைப் பிழைபடத் தெரிந்தமையால் என் தம்பி மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடை சென்றது. ஆதலின் எழுதுகின்றேன்.

2017ஆம் ஆண்டில் என் தம்பி கல்லடியில் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதியொன்றைத் தொடங்கினான். மேற்கே வாவியும் கிழக்கே கடலுமாக இரு நீர்களுக்கிடையே கிடக்கும் நிலம் அது. வெயிலில் வந்திறங்கும் பயணி முதலிற் கேட்பது குளிர்ந்த சோடாவே. "அண்ணா, நீங்கள் படித்தவர், நல்ல பெட்டியாக ஒன்று பார்த்துத் தாருங்கள்" என்றான். யானும் விலை குறைந்ததும் உருவிற் பெரியதுமாகிய வீட்டுப் பெட்டியொன்றைத் தெரிந்து, கடற்பக்க யன்னலருகே சுவரோடு ஒட்டி நிறுத்துவித்தேன்.

அடுத்த ஆண்டு கச்சான் வீசுங்காலத்தில் அப்பெட்டி இரவும் பகலும் ஓயாது இரைந்தது. மின்கட்டணம் ஏறியது; சோடாவோ குளிரவில்லை. ஒருநாள் இரைச்சலும் அடங்கிற்று. புதியது வாங்கவே கொடி அடகு வைக்கப்பட்டது.

பழுது பார்க்க வந்தவர் என் பழைய மாணவர். தமிழிற் புள்ளி குறைந்தமைக்காக என்னாற் பலமுறை கடியப்பட்டவர். பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். குழாய்ச்சுருளை உப்புக்காற்று அரித்திருந்தது; தொட்ட இடமெல்லாம் துரு உதிர்ந்தது.

"சேர், பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுவதற்கு இடம் விடாமற் சுவரோடு ஒட்டிவைத்தால் அது என்ன செய்யும்?" என்றார். யான் விடையின்றி நின்றேன்.

அன்று அவர் கூறியவற்றைத் தொகுத்துரைக்கின்றேன். விடுதிக் கதவு நாளொன்றுக்குப் பலமுறை திறக்கப்படும். ஆதலின் உள்ளே விசிறி கொண்டு குளிர்காற்றைச் சுழலச் செய்யும் கடைப்பெட்டியே ஏற்றது. சுற்றுச்சூழல் 40 பாகை வெப்பத்தை எட்டினும் வேலைசெய்யத்தக்கதா என வாங்குமுன் வினவல் வேண்டும். சுருளுக்கு உப்பரிப்பைத் தாங்கும் பூச்சிருத்தல் நன்று. நாற்புறமும் காற்றோட இடம் விடுக. மாதம் ஒருமுறை மின்னிணைப்பைக் கழற்றி, சுருளின் தூசியை மென்தூரிகையால் அகற்றுக. கதவின் றப்பரிடையே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்க. தடையின்றி வந்தால் அவ்வழியே குளிரும் போகின்றது என்பது பொருள். மின் போய் வந்தவுடன் கொம்பிரசர் ஓடாது, சில நிமிடம் தாமதிக்கச் செய்யும் காப்புக்கருவியும் வேண்டும். இக்காலப் பெட்டிகள் பலவற்றிலுள்ள ஐசோபியூட்டேன் வாயு ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்யாதெனினும் தீப்பற்றுவது. பயிற்சி பெறாதவர் அதிற் கைவைத்தலாகாது.

புதிய பெட்டியை அவரே தெரிந்தார். உருவிற் சிறியது, விலையிற் கூடியது. 2022இல் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்த நாள்களையும் தாண்டி அது இன்றும் உழைக்கின்றது. கொடியின் கதைதான் நீண்டது. 2019 ஏப்ரற் குண்டுவெடிப்புகள் எம் நகரையும் உலுக்கின; அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. விருந்தினர் வாராத விடுதியிலிருந்து வட்டி கட்டிக் கட்டி, 2023இலேதான் தம்பி அதை மீட்டான். அவன் மனைவி அதுவரை மஞ்சட் கயிற்றோடு இருந்தாள். என்னை ஒரு சொல்லும் சொன்னாளில்லை.

இன்று கற்கும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். புள்ளிப் பட்டியலின் அடியில் உங்கள் பெயர் நிற்பதனால் மனந்தளர வேண்டா. ஆசிரியர்க்கும் ஒன்று கூறலாம். அதை முதலில் எனக்கே கூறிக்கொள்கின்றேன். அம்மாணவர் ஆண்டுக்கு இருமுறை வந்து பெட்டியைப் பார்த்துச் செல்கின்றார். இன்னும் என்னைச் "சேர்" என்றே அழைக்கின்றார். கேட்குந்தோறும் எனக்குக் கூச்சமாக இருக்கின்றது.