சூட்டுச் சீப்பு வாங்கிய கதை

மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர், ஃபியூஸ் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வேன். ஆனால் போன ஐப்பசியில் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்றில் இருபது வயதுப் பெண் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குத் திருதிருவென்று முழித்தேன். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். தலைமுடி சமாச்சாரம். ஆண்களும் படிக்கலாம்.

என் மனைவிக்குச் சர்க்கரை இருபது வருடமாக உண்டு. போன ஆடியில் வலது தோள் பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம். ஒரு மாதத்தில் கை காதுக்கு மேலே ஏறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சாப்பிடுவது, காய் நறுக்குவது எல்லாம் எப்படியோ நடந்தது. ரவிக்கையில் கையை நுழைப்பதும் தலை வாருவதும்தான் நடக்கவில்லை. அவளுக்கு முடி இடுப்பு வரை. பாதிக்கு மேல் நரைத்துவிட்டது, நீளம் மட்டும் குறையவில்லை. தலைக்குக் குளித்தால் மொட்டை மாடியில் நின்று துண்டால் தட்டித் தட்டி உலர்த்துவாள். இப்போது தட்டக் கை இல்லை. அடைமழை வேறு. ஈரத்தோடு முடிந்துகொண்டு, மறுநாள் தும்மலும் தலைபாரமுமாக உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்து வீட்டுப் பெண் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். “அக்கா, பேசாம தோள் வரைக்கும் வெட்டி விட்டுடுங்களேன். பராமரிக்கச் சுலபம்.” இவள் “பார்க்கலாம்” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னபோது, “அப்பா, சூடாகிற பிரஷ் வந்திருக்கு. சீப்பு மாதிரி வாரினாலே போதும். ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்றாள். போனேன், வாங்கினேன். நான் பார்த்ததெல்லாம் என் தொழில் புத்திக்கு எட்டியதை மட்டும்தான். ஒரு பெட்டியில் 50 வாட், இன்னொன்றில் 1000 வாட். ஒரே வேலைக்கு எதற்கு இருபது மடங்கு கரண்ட் என்று 50 வாட்டை எடுத்து வந்தேன். சிக்கனம் செய்துவிட்ட பெருமை வேறு.

அன்றைக்கே சோதனை. அவள் அப்போதுதான் குளித்திருந்தாள். பிளக்கைச் சொருகி, 200 டிகிரி வைத்து, ஈர முடியில் ஓர் இழு இழுத்தேன். ‘சுர்ர்’ என்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். ஆவி. கூடவே ஒரு தீய்ந்த நாற்றம். பிரஷோடு ஒரு கொத்து முடி கையில் வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த முடியை வாங்கி, விரலில் சுற்றி உருட்டி, ஜன்னலில் வைத்துவிட்டு, “பரவாயில்லைங்க, விடுங்க. வெட்டிக்கிறேன்” என்றாள்.

அன்று இரவு உட்கார்ந்து பெட்டிக்குள் இருந்த பொடி எழுத்துக் காகிதத்தைப் படித்தேன். ‘உலர்ந்த முடிக்கு மட்டும்.’ வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது.

விஷயம் இதுதான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவை இரண்டு சாதிச் சாமான்கள். 50 வாட் பிரஷில் பற்களுக்கு நடுவே உள்ள தகடு இஸ்திரிப் பெட்டி போலச் சுடும். அது நேராக்குவதற்கு, காய்ந்த முடியில் மட்டும் ஓட்ட வேண்டியது. ஈர முடியில் வைத்தால் முடிக்கு உள்ளே இருக்கும் தண்ணீரே கொதித்துக் குமிழி விடும், முடி அந்த இடத்தில் ஒடியும். 1000 வாட் சாமான் வேறு. அது சூடான காற்றை ஊதும் சீப்பு. துடைத்து முக்கால்வாசி காய்ந்த முடியை வாரிக்கொண்டே உலர்த்தும். காற்றைச் சூடாக்கி ஊதத்தான் அத்தனை கரண்ட். எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

எங்கள் அம்மா காலத்துச் சாம்பிராணிக் கூடை ஞாபகம் வந்தது. தூபக்காலில் தணல், மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அக்காமார்கள் தலையைச் சாய்த்து முடியைப் பரப்பிப் படுத்திருப்பார்கள். அதுவும் சூடான காற்றுதானே! யாருக்கும் முடி தீய்ந்ததாக நினைவில்லை. மிதமான சூடு, நிதானமான நேரம், வாசனை இலவசம்.

மறுபடி கடைக்குப் போனேன். அந்தப் பெண் கேட்டாள்: “யாருக்கு சார்? அவங்க முடி எந்த மாதிரி? மெல்லிசா, தடிப்பா? நேர் முடியா, சுருளா?”

கல்யாணமாகி 41 வருடம். பதில் தெரியவில்லை. “நீளமா இருக்கும்” என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பார்த்துட்டு வாங்க சார்” என்றாள்.

வீட்டுக்கு வந்து சீப்பில் சிக்கியிருந்த ஒரு முடியை எடுத்து, தையல் நூலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். விரலில் உருட்டினேன். கிட்டத்தட்ட நூல் போலத் தெரிந்து, உருட்டும்போது சொரசொரத்தால் தடித்த முடி. விரலில் இருப்பதே தெரியாவிட்டால் மெல்லிய முடி. அவளுடைய கறுப்பு முடி மெல்லியது. நரைத்ததோ விறைப்பாக, உலர்ந்து, கம்பி மாதிரி. உச்சியில் அடர்த்தி குறைந்திருக்கிறது. பின்கழுத்தில் லேசான அலை. “இது எப்பத்திலிருந்து?” என்றேன். “பொறந்ததிலிருந்து” என்றாள்.

முடி வகை என்ற குழப்பத்தை நான் தீர்த்துக்கொண்டது இஸ்திரிப் பெட்டியை வைத்துத்தான். அதில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி இருக்கும். சுமார் 110, 150, 200 டிகிரி. பட்டுப் புடவையை யாரும் பருத்திச் சூட்டில் தேய்ப்பதில்லை. தகடு சுடும் பிரஷ் வாங்குகிறவர்கள் மெல்லிய முடி, சாயம் போட்ட முடி, உதிர்கிற முடி என்றால் 150க்கு மேலே போகாமல் இருப்பது நல்லது. சாதாரண முடிக்கு 160, 180. நல்ல தடிப்பான சுருட்டை முடிக்குத்தான் 200 பக்கம் போகலாம். சூட்டைக் குறைக்க வழியில்லாத, ஒரே பொத்தான் உள்ள சாமானைத் தொடவே வேண்டாம். நரைமுடி அதிகச் சூட்டில் மஞ்சளித்துப்போகும் என்பதையும் நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியில் வாங்கியது, காற்று ஊதும் பிரஷ். அதிலும் உருளையாக இருந்ததை வேண்டாம் என்றேன். குட்டை முடியைச் சுருட்ட அது சரி. இடுப்பு முடி அதில் சுற்றிக்கொண்டால் கத்தரிக்கோல்தான் கதி. தட்டையான முட்டை வடிவம், பற்களின் நுனியில் சின்ன உருண்டை, குளிர்காற்றோடு சேர்த்து மூன்று நிலை. கையில் தூக்கியும் பார்த்தேன், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். பத்து நிமிடம் ஓடினால் ஆறில் ஒரு பங்கு யூனிட், கணக்குப் போட்டுவிட்டேன். சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக் தாங்கும். கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் எனக்கு இந்த வேலை. முதலில் பழைய வேட்டியில் முடியைச் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். துண்டால் தேய்த்தால் சிக்கு விழும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் நாளில் பிரஷை எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தபோது, “வெங்காயமா வதக்குறீங்க?” என்று கேட்டாள். நான்கு பாகமாகப் பிரித்து, நுனிச் சிக்கை முதலில் எடுத்து, பிறகுதான் மேலேயிருந்து வாருவேன். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கடைசியில் ஒரு நிமிடம் குளிர்காற்று. முடி ஆறும்போதுதான் படிந்த படிவு நிற்கும். மழைக்காற்று பட்டால் பின்கழுத்து அலை மறுபடி வந்துவிடும், அதை விட்டுவிடுவேன். பின்னலும் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் இடது பக்கமே கோணிக்கொண்டு போகும்.

தை மாதம் என் தம்பி பெண் கல்யாணம். மண்டபத்தில் ஒரு சம்பந்தியம்மாள், “இந்த வயசிலும் என்ன முடி! யார் பின்னி விட்டது?” என்று கேட்டார். இவள் என்னைக் கைகாட்டவில்லை. “வீட்லதான்” என்றாள்.

பயிற்சி விடாமல் நடக்கிறது. சுவரில் விரலால் ஏறி, பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். பத்து கோடு ஏறியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நான் பிரஷை எடுத்ததும் கையை நீட்டினாள். “குடுங்க, முன்பக்கம் நானே பார்த்துக்கறேன்.” கொடுத்தேன். நெற்றிப் பக்கம் இரண்டு வாரு வாரினாள். கை நடுங்கியது. காதுக்கு மேலே போனது.

“கனமா இருக்குங்க. பின்னாடி நீங்களே பாருங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.