பிலடெல்பியாவில் மதுரைத் தூண்கள்

பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் ஆசியப் பிரிவில் ஜப்பானியத் தேநீர்க் குடில் உண்டு, பெய்ஜிங் மாளிகை ஒன்றின் கூடமும் உண்டு. இரண்டையும் அவசரமாகக் கடந்தோம். உடன் வந்த நண்பர் மாமல்லபுரத்துச் சிற்பி. நியூஜெர்சியில் ஒரு கோயில் வேலைக்காக வந்திருந்தார். மதுரைத் தூண்கள் இங்கே நிற்கின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவற்றைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டபத்துக்குள் போனதும் எல்லோரும் அண்ணாந்து யாளிகளைப் பார்க்க, அவர் ஒரு தூணின் அடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஆளுயரச் சிற்பம் தூணிலிருந்து முன்னே புடைத்து நிற்கிறது. “ஒட்டு வேலை இல்ல தம்பி, தூணும் உருவமும் ஒரே கல்லு. மூக்கு தெறிச்சா தூணே போச்சு” என்றார்.

1560 வாக்கில் செய்யப்பட்ட கற்கள் இவை. மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தவை. 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட செதுக்குக் கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் மருத்துவமனைப் பணிக்குப் போன அவர் அங்கேயே இறந்தார். 1919இல் அவர் நினைவாகக் குடும்பத்தார் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். எந்தத் தூண் எங்கே நின்றது என்பதற்கு வரைபடம் எதுவும் கூட வரவில்லை. இன்று நாம் பார்க்கும் வரிசை அறிஞர்கள் யோசித்து அமைத்தது.

வாங்கியவர், கொடுத்தவர்கள், ஆராய்ந்தவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. செய்தவர்களுக்குத்தான் இல்லை. ஆனால் பெயர் இல்லாவிட்டாலும் அவர்களின் கை கல்லில் இருக்கிறது என்பதை அன்று நண்பர் எனக்குக் காட்டினார்.

கருங்கல்லை மரம்போல் இழைக்க முடியாது, பொடிப்பொடியாகப் பொளிந்துதான் எடுக்க வேண்டும். உளியை நிமிர்த்திப் பிடித்து அடித்தால் கல் நொறுங்கும், சாய்த்து அடித்தால் சில்லாகப் பெயரும். முனை சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால், உளியைக் காய்ச்சி அடித்துத் தர அந்தக் காலத்தில் பட்டறையிலேயே கொல்லர் இருந்தாக வேண்டும். சிலையின் முன்பக்கம் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கும், அங்கே எதுவும் தெரியாது. பார்வை அதிகம் படாத பக்கவாட்டில்தான் உளித்தடம் அப்படியே நிற்கும். நண்பர் ஒரு தூணின் பக்கத்தைச் சுட்டினார். சின்னச் சின்னக் குழிகள், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. அடுத்த தூணில் சாய்வு நேரெதிர்ப் பக்கம். “இந்த ஆளு இடக்கைக்காரரா இருக்கணும்” என்றார். தொடக் கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்லருகே முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். நானூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய சக தொழிலாளியை அவர் அடையாளம் கண்டுகொண்டதாகவே எனக்குப் பட்டது. எந்த விளக்கப் பலகையும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தபோது பேச்சு அவர் தொழிலுக்குத் திரும்பியது. இப்போது பெரும்பகுதிக் கழிவை கட்டிங் மெஷின் எடுத்துவிடுகிறது. மாதக்கணக்கான வேலை வாரக்கணக்கில் முடிகிறது. கூடவே மாவுபோல் பறக்கும் கல்தூசி நெஞ்சுக்குள் போகிறது. சிலிக்கோசிஸ் வந்தால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. பட்டறைகளில் பலர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அந்த நுண்தூசியைத் துண்டு தடுப்பதில்லை. தண்ணீர் ஊற்றி அறுப்பதும் சரியான முகக்கவசமும் பெரிய செலவில்லை. சிலைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கினால் பட்டறைகள் செய்யும்.

நண்பரை அதிகம் வருத்தியது வேறொன்று. நம் ஊரில் பல கோயில்களில் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்குவதாகச் சொல்லி மணலை வேகமாகப் பீய்ச்சியடித்தார்கள். அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் உளித்தடமும் போய்விட்டன. இங்கே குழந்தைகளைக்கூடத் தொடவிடாமல் காவலர் பார்த்துக்கொள்ளும் அதே தடம்தான் அது.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், கல்லை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். மணல் வீச்சு என்று சொன்னால், வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள்.