கிள்ளான் காக்கைகள்

தீபாவளிச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போகும் நம் தோட்டத்து மக்கள் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடையைப் பார்ப்பார்கள், பூக்கடையைப் பார்ப்பார்கள். மேலே பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த முறை மாலை 7 மணிவாக்கில் சற்றுத் தலைநிமிர்ந்து பாருங்கள். காக்கைகள் கூட்டங்கூட்டமாக வந்து மரங்களில் அடையும். காதைப் பிளக்கும் இரைச்சல்! அந்த மரத்தடியில் காரை நிறுத்தியவர் பாடு மறுநாள் காலையில்தான் தெரியும்.

தோட்டத்தில் காட்டோரம் நாம் பார்க்கும் அண்டங்காக்கை வேறு. அது முழுக் கறுப்பு, அலகு தடிப்பு. இந்த மண்ணின் பறவை. கிள்ளான் காக்கைக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். மனிதர் வாழும் இடத்தை விட்டு அது வாழாது. நம் முன்னோர் ஊரில் அமாவாசைச் சோறு தின்ற அதே காக்கைதான். இங்கே அது தானாகப் பறந்து வரவில்லை, கொண்டுவந்தார்கள்.

ரப்பருக்கு முன்னால் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. புழுக்கள் காப்பி இலையைத் தின்று செடியை மொட்டையடித்தன. அவற்றைத் தின்னட்டும் என்று 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலிருந்து காக்கைகளை வரவழைத்துக் கிள்ளான் பக்கம் விட்டார்கள். எந்தத் துரைக்குத் தோன்றிய யோசனையோ! ஆனால் காப்பிக்கு வாழ்வு நீடிக்கவில்லை. பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது. காப்பி போய் ரப்பர் வந்தது. வேலைக்கு வந்த காக்கைக்கு வேலை போயிற்று. திரும்பிப் போக யாரும் கப்பல் சீட்டு எடுத்துத் தரவில்லை. மீன் சந்தையிலும், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய பழைய துறைமுகத்திலும் கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொண்டது. என் பாட்டனார் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு.

எல்லாருக்கும் அந்தப் பாசம் இருக்க முடியாது. குப்பையைக் கிளறுகிறது, மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. கிள்ளானில் ஆள் வைத்துச் சுட்டும் பார்த்தார்கள். சுடச் சுட மிஞ்சியவை பெருகுகின்றன. சாப்பாட்டுக் கடைப் பின்சந்தில் குப்பைத் தொட்டி திறந்து கிடக்கும்வரை தோட்டாவுக்குத்தான் வீண்செலவு. முதலில் தொட்டிக்கு மூடி போடுங்கள் என்பேன்.

காக்கையின் பின்னாலேயே குயிலும் நிலைத்தது. முன்பு குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்துபோகும் விருந்தாளியாகவே குயிலை இந்நாட்டில் பெரும்பாலும் அறிந்திருந்தார்கள். காக்கைக் கூடு கிடைத்ததும் இங்கேயே முட்டையிடலாயிற்று. ஏமாந்த காக்கை அடைகாக்கிறது.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரோடு ஒருநாள் பின்சந்து வழியே நடந்தபோது அதைக் கண்ணாரக் கண்டோம். ஓர் அம்மா வாழை இலைத் துண்டில் சோறு வைத்துவிட்டு உள்ளே போனார். காக்கை ஒன்று அலகு நிறையச் சோற்றை அள்ளிச் சுவர்மேல் இருந்த குஞ்சின் வாயில் திணித்தது. குஞ்சின் இறகில் வெள்ளைப் புள்ளிகள். “சார், இது காக்காப் பிள்ளை இல்லையே!” என்றாள் ஒரு சிறுமி. காக்கை அதற்குள் அடுத்த வாய்ச் சோற்றுக்கு இறங்கிவிட்டது.