அரியணை இல்லா மண்டபம்

ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து ஒருநாள் பயணமாக, ஆல்ப்ஸ் மலைச்சாரலின் அரண்மனைகளைக் காண வழிகாட்டி ஒருவருடன் பேருந்தில் சென்றோம். முதலில் கண்டது லிண்டர்ஹோப். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் எழுப்பிய மாளிகைகளுள் அவர் காலத்திலேயே நிறைவுற்றது இது ஒன்றே. பின்னர் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்குக் குன்றேறினோம். 1869-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இது, மன்னர் மறைந்தபோதும் முற்றுப்பெறவில்லை.

அரியணை மண்டபத்தில் நம் கால்கள் தாமே நின்றன. ஆலயப் பீடம்போன்ற மேடை. மேலே மாட்சிமையுடன் கிறிஸ்துநாதர். அவருக்குக் கீழே புனிதராய் உயர்ந்த அரசர் அறுவர். இருமருங்கும் அப்போஸ்தலர் பன்னிருவர். அரியணை மட்டும் இல்லை! அது செய்யப்படுமுன்பே, 1 கோடியே 40 இலட்சம் மார்க் கடனில் மூழ்கி, ஆட்சியும் இழந்து, 1886 ஜூன் 13-ஆம் நாள் ஏரியில் மன்னர் உயிர் துறந்தார். தனிமை நாடி அவர் கட்டிய கோட்டை, ஏழே வாரங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கடன்பட்டு மாடிவீடு எழுப்பும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அன்பர்களே, கட்டுவதிலேயே வாழ்நாள் கழிந்தால், கூடி அமர்ந்து செபமாலை சொல்ல நேரம் ஏது? மன்னர் அமர எண்ணிய இடம் இன்றும் வெறுமை. அதற்கு மேலுள்ள அரசரோ இன்றும் வீற்றிருக்கிறார். அவருக்கு நம் இல்லத்தில் இடமளித்திருக்கிறோமா?