எந்தத் தோட்டம்?

மூன்றாவது கோர்ட்டில் பூப்பந்து ஆடும் பெண்ணுக்குப் பதினொரு வயதிருக்கும். இரட்டைச் சடை, சின்னக் கம்மல், வெளுத்துப்போன தமிழ்ப்பள்ளி விளையாட்டுச் சட்டை. எதிரே நிற்கும் சீனப் பயிற்றுநர் கூடையிலிருந்து பந்துகளை எடுத்து மூலைக்கொன்றாக அனுப்புகிறார். வலையோரம், பின்மூலை, மறுபடி வலையோரம். சுற்று முடிந்து அவள் முழங்காலில் கைவைத்துக் குனிந்தால், "லாகி" என்கிறார், இன்னும் என்று மலாயில். நிமிர்ந்து ஓடுகிறாள்.

அவள் அடிப்பதைவிட, அடித்துவிட்டுத் திரும்புவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் தாங்கள் அடித்தது எங்கே விழுகிறது என்று நின்று பார்க்கிறார்கள். இவள் நிற்பதில்லை. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே கால்கள் நடுக்கோர்ட்டுக்கு வந்துவிடுகின்றன. இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மூச்சு வாங்கும்போதும் அதை மறக்காமல் செய்வது பிள்ளையின் பிடிவாதம்.

சுவரோர பெஞ்சில் அவள் பாட்டி. பூப்போட்ட கைலி, மேலே தளர்ந்த சட்டை. காலடிக்கு வந்து விழும் பந்துகளை எடுத்து, ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே திருப்பிப் பார்க்கிறார். ஒரு பந்தில் பதினாறு இறகு. ஒன்று முறிந்தாலும் பறக்கும்போது தள்ளாடும். முறிந்ததைத் தனிப்பையில் போடுகிறார். வீட்டுச் சுவரில் அடித்துப் பழக அது போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்த்துப்போன கை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஈப்போவிலிருந்து மகனை அழைத்துவந்த ஓர் அம்மா பக்கத்தில் உட்காருகிறார். பேச்சு எப்படித் தொடங்குமோ அப்படியே தொடங்குகிறது.

"நீங்க எந்த எஸ்டேட்டும்மா?"

"கெல்லாஸ். கிந்தா கெல்லாஸ்."

"அப்படியா! கோப்பெங் பக்கத்துல எங்க தாத்தா இருந்தாரு."

இருவர் முகமும் மலர்ந்துவிடுகிறது. சுற்றுலா வருபவர்கள் பத்து காஜாவில் தேடிப்போவது கெல்லி மாளிகையை. ஸ்காட்லாந்துத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, பாதியில் நின்ற கட்டடம் அது. அதைச் சுற்றிய கெல்லாஸ் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேத்தி இங்கே மூன்றாவது கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இவள்தான் பார்க்க வேண்டிய காட்சி.

எந்த எஸ்டேட் என்ற இதே கேள்வியை மலேசியா வேறொரு வாயிலிருந்தும் கேட்டது. 2021 அக்டோபர், பின்லாந்தில் சுடிர்மான் கிண்ணம். அரையிறுதியில் ஜப்பானின் அகானே யாமாகுச்சியிடம் மலேசிய வீராங்கனை கிசோனா செல்வதுரை தோற்றார். சிரம்பானில் பிறந்தவர், வயது 23. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பிலிப்பீன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் முதல் செட்டைப் பறிகொடுத்து, அடுத்த இரண்டையும் வென்று நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்திருந்தார். அதெல்லாம் ஓர் அரசியல்வாதிக்கு நினைவில் இல்லை. இந்தியரை இழிக்கும் சொல்லைப் போட்டு, எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தவள் என்று சமூக வலைத்தளத்தில் எழுதினார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் கிசோனா பக்கம் நின்றார்கள். அந்த அரசியல்வாதி மன்னிப்புக் கேட்டார், கட்சிப் பொறுப்பையும் விட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் நெஞ்சில் தைத்தது தைத்ததுதான். முன்பின் தெரியாத இருவரை உறவாக்க நாங்கள் கேட்பது அது. அதை எடுத்து ஒரு பெண்ணைத் தாழ்த்தப் பயன்படுத்தினால் வலிக்காதா?

பாட்டிக்கு அந்தச் செய்தி தெரியும். பேத்தியின் மட்டைப்பையில் தொங்கும் பேர்லி டான், தீனா முரளிதரன் இணையின் படத்தில் தீனாவைக் காட்டி, "இந்தப் பிள்ளையும் நம்ம பிள்ளைதான், கிள்ளான்" என்கிறார். 2025 ஆகஸ்டு 31, சுதந்திர தினத்தன்று, பாரிஸ் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் அந்த இணை சீன இணையிடம் மூன்று செட் போராடித் தோற்றது. மலேசியாவின் மகளிர் இரட்டையர் எவரும் அதுவரை அந்த இறுதிக்கு வந்ததில்லை. "தோத்தாலும் வெள்ளிம்மா," என்று பாட்டி இரண்டு தடவை சொல்கிறார்.

பயிற்றுநர் தாளோடு வருகிறார். ஈப்போவில் ஒரு போட்டி, பன்னிரண்டு வயதுக்குக் கீழ். கலந்துகொண்டால்தான் மாநிலத் தேர்வாளர் கண்ணில் படுவாள் என்கிறார் மலாயில். பாட்டி தாளை வாங்கித் தூரப் பிடித்துப் பார்க்கிறார். கட்டணம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறார்.

"பஸ் எதுக்கும்மா? நான் வந்து ஏத்திக்கிட்டுப் போறேன்," என்கிறார் ஈப்போ அம்மா. "ஆனா ஆறரைக்கே கெளம்பணும். எந்திரிச்சுருவீங்களா?"

"நான் தோட்டத்துல விடியக்காலைப் பெரட்டுக்குப் போனவம்மா. நாலரைக்கே எந்திரிச்சுருவேன்," என்கிறார் பாட்டி. "இவளத்தான் எழுப்பணும்."