இல்லாத அருவியின் இரைச்சல்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் பிறந்தவர்களுக்கு சென்கிளயர் அருவி காதுக்குள்தான் இருக்கும். அடைமழைக் காலத்தில் தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பராவில் போர்த்திப் படுத்திருந்தாலும் கேட்கும். அதற்கு மேல் விடியற்காலைத் தப்புச் சத்தம், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, நேரமாச்சு என்று. அதற்கும் மேல் அப்பாயி. "ஏ புள்ள, எந்திரி, பீலியில கூட்டம் சேர்ந்துரும்." இப்போது தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போக வேண்டாம், குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். எழுப்பத்தான் ஆளில்லை.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பிரித்தார்கள். அந்தக் கணக்கு எங்கள் ஒற்றைக் காம்பராவுக்குள்ளும் வந்தது. அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாயி அசையவில்லை. தாத்தாவைப் புதைத்த மலையை விட்டு எங்கே வருவது என்றாள். எங்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னார், இராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம் எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவில் நிற்கின்றன. கோச்சி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் அவள் ஓங்கி அழுத குரல் மட்டும் முழுசாக இருக்கிறது.

அங்கே தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்து. கம்பம் ஊன்றி, பௌர்ணமி இரவில் காமனை எரிப்பார்கள். ரதி வேசம் கட்டிய ஆண் தலைவிரித்து அழ, சுற்றி நிற்கும் பெண்கள் அவரவர் வீட்டுச் சாவுகளையும் சேர்த்து அழுது தீர்ப்பார்கள். எரிந்த காமனைப் பிறகு எழுப்புவார்கள். விட்டுவந்தவையும் அப்படி எழும் என்று வெகுகாலம் நம்பி இருந்துவிட்டேன். நாம் திரும்பும்வரை லயமும் பீலியும் அப்பாயியும் அப்படியே இருக்கும் என்று... நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

1984இல் கப்பல் நின்றது. அப்பாயி செத்த சேதி, மண் போட்டு வெகுநாள் கழித்துக் காகிதத்தில் வந்தது. தேயிலைக்குள் புதைத்தார்களாம். எந்த மலை, எந்த நிரை என்று கேட்க இப்போது அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் ஓடத் தொடங்கியது. கொத்மலை ஓயாவின் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கியது, சென்கிளயர் மெலிந்தது. நாடு முழுக்க விளக்கு எரிய வேண்டியதுதான். ஆனால் இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இரைச்சல், அருவி விழுந்த இடத்திலேயே பழையபடி இல்லை.

இங்கே நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் அதே பனி, அதே கொழுந்துக் கூடை. காஸ் அடுப்பு இருக்கிறது, ஒழுகாத கூரை இருக்கிறது. அந்த வாசம் இல்லை. விறகுப் புகையும் ரொட்டி சுடும் வாசமும் ஈரக் கம்பளியும் கலந்த அது.

எங்களைப் போலத் திரும்பியவர்களின் பிழைப்புக்காக நட்டவை தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் ஒரு பகுதியைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு ஆணை வந்தது. ஆத்திரம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. தேயிலைக்கு முன் நாங்கள் விட்டுவந்த மலைகளில் காப்பி நின்றது, 1869இல் வந்த இலைநோயில் அது அழிந்தது, காப்பிக்கு முன் அங்கேயும் காடுதான். அப்பாயியை மூடிய தேயிலையும் ஒருநாள் போகும். இதை நினைக்க இப்போது முடிகிறது. பொறுக்கத்தான் இன்னும் முழுசாக முடியவில்லை.

நீங்களும் அந்தக் கோச்சியில் வந்தவரா? எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? எத்தனாவது லயம்? யார் பக்கத்துக் காம்பரா? சொல்லுங்கள், கேட்டு வைத்துக்கொள்கிறேன்.