சனிக்கிழமைக் கூலி

வீடு கட்டுகிற தகராறுகள் பெரும்பாலும் கடைசித் தவணையில்தான் வெடிக்கின்றன. பேஸ்மெண்ட், லிண்டல், தளம் என்று பணம் கைமாறும்வரை இரு பக்கமும் சிரித்த முகம்தான். பூச்சும் தரையும் முடிந்து மேஸ்திரி பாக்கியைக் கேட்கும்போது, வீட்டுக்காரர் கண்ணில் குறைகள் ஒவ்வொன்றாகப் படத் தொடங்கும்.

எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் குளியலறைத் தரைக்கு வாட்டம் தப்பிவிட்டது. தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவோரம் வந்து தேங்கியது. ஹாலில் டைல்ஸைக் கரண்டிக் காம்பால் தட்டினால் சில இடங்களில் வெற்றுச் சத்தம். அடியில் கலவை முழுதாகப் பிடிக்கவில்லை.

"எல்லாத்தையும் பேத்துப் போட்டாத்தான் பாக்கிப் பணம்" என்றார் வீட்டுக்காரர்.

"பேத்தா டைல்ஸ் உடையும் சார். வாங்கிக் கொடுத்தது நீங்க. ஒட்டினது டைல்ஸ் ஆளு. நான் எப்படிங்க பொறுப்பாவேன்?" என்றார் மேஸ்திரி.

லேபர் காண்ட்ராக்டில் இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. ஆனாலும் ஆளைக் கூட்டி வந்தவர் மேஸ்திரி. வாட்டம் பார்க்க வேண்டியதும் அவர்தான். வீட்டுக்காரர் கோபம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் காசில்லை. கலவை சுமந்த சித்தாள்கள் இருட்டும்வரை கேட்டோரம் நின்றுவிட்டுப் பாதிக் கூலியோடு பஸ் ஏறினார்கள். வாட்டம் தப்பியதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. வீட்டுக்காரர் பணத்தை மொத்தமாக நிறுத்தியதும் முதல் அடி அவர்கள்மேல்தான் விழுந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. மேஸ்திரியும் வாய்ப்பேச்சில் முடித்த வேலைக்குப் பாக்கி கேட்டு 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் காட்டுவதற்கு இருவரிடமும் என்ன இருக்கிறது? சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதிய நோட்டின் பின்பக்கம்தான்.

கடைசியில் வெளியூர்க் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குளியலறையை மேஸ்திரி தன் செலவில் திருத்திக் கொடுத்தார். ஹால் டைல்ஸுக்காகப் பாக்கியில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள்.

அரசாங்க வேலைகளில் பில் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, குறை திருத்தும் காலம் முடிந்தபின் கொடுப்பது வழக்கம். வீட்டு வேலைக்கும் அதை முதல் நாளே எழுதிக்கொள்ளலாம்: ஒரு மழைக்காலம் தாண்டும்வரை இவ்வளவு பிடித்தம், மொட்டை மாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்தபின் இவ்வளவு பட்டுவாடா, வாரக் கூலியில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. மேஸ்திரிகள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள். நான் பேசிப் பார்த்தவர்கள் சனிக்கிழமைப் பணம் தவறாது என்று தெரிந்ததும் பிடித்தத்துக்குத் தயங்காமல் சம்மதித்தார்கள்.